கத்தரிக்குத் தப்பிய முகங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கடைசிப் பேருந்தைப் பற்றிக் கவலைப்படாமல் இன்னும் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒருமுறை ஞாபகப்படுத்திவிடுகிறேன். ‘வந்தபோது ஓடாமல் போன நல்ல குற்றப் படங்களை இன்றைக்கும் பேசவைப்பது இயக்குநரின் கைவண்ணமா, நடிகர்களின் நடிப்பா?’ நான் நடிப்பே என்ற அணியில் மூன்றாவதாக வந்திருக்கிறேன். மூன்றாவதாகப் பேசுகிறவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. நம்முடைய நல்ல பாயிண்டை எல்லாம் நம் அணிக்காரர்களே பேசி முடித்திருப்பார்கள். ஆனால் இன்றைக்கு எதிரணி எனக்கு ஓர் உதவி செய்திருக்கிறது. எனக்குச் சற்று முன் பேசிய பேராசிரியர் ஐயா, தன் கட்சிக்குச் சாட்சியாக ‘ஆரண்ய காண்டம்’ படத்தைக் கொண்டுவந்து இந்த மேடையில் நிறுத்திவிட்டுப் போனார். ஐயா, உங்கள் சாட்சியை நான் குறுக்கு விசாரணை செய்துகொள்கிறேன்.

2011 ஜூன் 10ஆம் தேதி வந்த படம். வந்த வேகத்தில் போன படம். நான் இரண்டாவது வாரம் போனேன். அரங்கத்தில் இருந்தவர்களை எண்ணிச் சொல்லிவிடலாம், அதில் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட படத்தைப் பதினைந்து வருடம் கழித்து ஒரு பட்டிமன்றத்தில் இரண்டு அணியும் ‘எனக்கு, உனக்கு’ என்று இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

பேராசிரியர் என்ன சொன்னார்? கதை ஒரே நாளில் நடக்கிறது, பாட்டே கிடையாது, வடசென்னையின் ரவுடி உலகத்துக்கு ராமாயணத்தின் காட்டுப் பகுதியின் பெயரை வைத்தது எவ்வளவு பெரிய யோசனை, காட்டுக்கு ஏற்ற மாதிரி பாத்திரங்களுக்கும் சிங்கப்பெருமாள், கஜேந்திரன், கஜபதி, பசுபதி, காளையன் என்று சிங்கம், யானை, பசு, காளை எல்லாம் வரும்படி பெயர் வைத்தது யார், நடிகரா வைத்தார் என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார். நானும் தட்டினேன். தியாகராஜன் குமாரராஜாவின் முதல் படம் அது. முதல் படத்தில் அப்படி ஒன்றை எழுதியவரை மறுப்பதற்கு எனக்கு என்ன வேண்டுதல்?

ஆனால் ஐயா கடைசியில் ஓர் உவமை சொன்னார் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டார். “நடிகன் களிமண், இயக்குநர் குயவர்” என்றார். சரி, ஒரே ஒரு கேள்வி. களிமண்ணுக்கு வெட்கம் உண்டா?

படத்தின் தொடக்கத்துக்கு வாருங்கள். சிங்கப்பெருமாள் ஒரு பெரிய தாதா. வயதாகிவிட்டது. மகள் வயதுள்ள ஒரு பெண்ணைக் கொண்டுவந்து வீட்டில் வைத்திருக்கிறார். அவரால் முடியவில்லை. முடியாத ஆத்திரத்தில் அந்தப் பெண்ணை அடிக்கிறார். அந்த மனிதரை நமக்கு அறிமுகப்படுத்துவதே இப்படித்தான். குடும்பத்தோடு வந்திருப்பவர்கள் மன்னிக்க வேண்டும், இதைவிட நாகரிகமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதைக் காகிதத்தில் எழுத ஒரு பேனா போதும். திரையில் அந்தக் கிழவனாக வந்து நின்றது யார்? ஜாக்கி ஷெராப். 1983இல் ‘ஹீரோ’ என்றே பெயர் வைத்த இந்திப் படத்தில் நாயகனாகி, ஒரு தலைமுறைக்கே ஆண்மையின் அடையாளமாக இருந்தவர். தமிழில் அவருக்கு இதுதான் முதல் படம். நம் ஊரில் நாற்பது வருடம் நடித்த நாயகர்களைக் கேட்டுப் பாருங்கள், நரைமுடிக்கே சம்மதிக்க மாட்டார்கள். இவர் வந்த உடனேயே, ‘என்னால் முடியவில்லை’ என்று ஊருக்கு முன்னால் உட்காருகிறார். களிமண் இப்படி உட்காராது ஐயா. களிமண்ணுக்கு இழப்பதற்கு ஒன்றும் இல்லை. இவருக்கு இருந்தது.

அதற்கு அப்புறம் நடப்பதுதான் அழகு. பசுபதி என்கிற அவருடைய கையாள், ஒரு போதைமருந்துச் சரக்கைக் கைமாற்றிப் பெரும் பணம் பார்க்கலாம் என்று யோசனை சொல்கிறான். பெரியவர் வேண்டாம் என்கிறார். அவன் வாய்தவறி, நீங்கள் டொக்காகிவிட்டீர்களா என்கிற மாதிரி கேட்டுவிடுகிறான். டொக்கு! எதற்கும் உதவாமல் போனவன் என்று அர்த்தம். சென்னைத் தமிழில் மூன்று எழுத்து கூட்டினால் ஒரு மனிதனை முடித்துவிடலாம். காலையில் அந்த அறையில் நடந்தது பசுபதிக்குத் தெரியாது. நமக்குத் தெரியும், பெரியவருக்குத் தெரியும். அந்த இடத்திலேயே எழுந்து ஓர் அறை விட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அவர் விடவில்லை. அந்தச் சொல் உள்ளே இறங்குவதற்கு ஒரு நேரம் எடுத்துக்கொள்கிறார். அந்த நேரம்தான் மீதிப் படம் முழுவதையும் ஓட்டுகிறது, ஏனென்றால் அதற்குப் பிறகுதான் பசுபதியைத் தீர்த்துவிடச் சொல்லி உத்தரவு போகிறது. அந்த நேரத்தை எந்தத் திரைக்கதையில் எப்படி எழுதுவார்கள்? ‘சிங்கப்பெருமாள் அமைதியாக இருக்கிறார்’ என்று எழுதுவார்கள். நாலு வார்த்தைகூட இல்லை. மிச்சத்தை அந்த முகம்தான் எழுதியது.

அடுத்து, எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரி. நல்ல படிப்பு. குலஷோவ் என்கிற ரஷ்ய இயக்குநரைக் கூட்டிவந்தார். ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன்னால் அவர் செய்த சோதனை. ஒரு நடிகரின் சலனமே இல்லாத ஒரே முகம், பக்கத்தில் ஒரு கிண்ணம் சூப்பைக் காட்டினால் பசியாகத் தெரிகிறது, சவப்பெட்டியைக் காட்டினால் துக்கமாகத் தெரிகிறது. ஆகவே நடிப்பு என்று ஒன்றும் இல்லை, எல்லாம் ஒட்டுகிற கையில் இருக்கிறது என்றார். இந்தப் படத்தின் படத்தொகுப்புக்குத் தேசிய விருது கிடைத்ததையும் கூடவே சொன்னார். பிரவீன், ஸ்ரீகாந்த் இருவருக்கும் கிடைத்தது, உண்மை.

சகோதரி, அந்தச் சோதனையில் நடிகருக்கு வேலை என்ன? சும்மா இருப்பது. நான் சொல்லப்போகிற இடத்தில் சும்மா இருந்தால் உயிர் போய்விடும்.

பசுபதியாக நடித்தவர் சம்பத் ராஜ். (கூத்துப்பட்டறையிலிருந்து வந்த நடிகர் பசுபதி வேறு, இந்தப் பசுபதி வேறு. எங்கள் வீட்டிலேயே இது ஒரு முறை சண்டையாகியிருக்கிறது.) அவன் தன் கூட்டாளிகளோடு வண்டியில் போய்க்கொண்டிருக்கிறான். மற்றவர்கள் ஆண்ட்டிகளை மடக்குவது எப்படி என்று ரஜினி, கமல் வரைக்கும் இழுத்து ஆராய்ச்சி நடத்துகிறார்கள். அரங்கமே சிரிக்கிறது. இதற்கு நடுவில் அவனுக்குப் புரிந்துவிடுகிறது, கூட வருகிறவர்களுக்கே தன்னைக் கொல்லச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது என்று. தனக்குப் புரிந்துவிட்டது என்பது அவர்களுக்குத் தெரியக் கூடாது. நமக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரே முகம், ஒரே வண்டி, பார்ப்பவர்கள் இரண்டு வகை. ஒருவருக்கு மறைக்க வேண்டும், இன்னொருவருக்குக் காட்ட வேண்டும். நடிக்கவில்லை என்று நடிக்கிற ஒருவனாக நடிக்க வேண்டும்! சொல்லும்போதே எனக்கு நாக்கு சுளுக்குகிறது. சம்பத் அதைக் கண்ணை அகட்டாமல், எச்சிலை விழுங்காமல், நெற்றியைத் துடைக்காமல் செய்கிறார். ஒரு மனிதன் யோசிப்பதை நம்மால் பார்க்க முடிகிறது. இங்கே சூப்புக் கிண்ணத்தையும் சவப்பெட்டியையும் வெட்டி ஒட்டி என்ன செய்வீர்கள்? சவப்பெட்டியில் படுக்கப்போகிறவனே அவன்தான்.

படத்தொகுப்பாளர் கெட்ட நடிப்பை வெட்டி எறியலாம். இல்லாத நடிப்பை எங்கிருந்து கொண்டுவந்து ஒட்டுவார்? நல்லதைப் பார்த்ததும் கை வைக்காமல் விடத் தெரிந்ததற்குத்தான் அந்த இரண்டு பேருக்கும் விருது என்று நான் நினைக்கிறேன்.

நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, காளையனைப் பற்றிப் பேசாமல் நான் இறங்க மாட்டேன். மணியை எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிடுங்கள்.

காளையன். ஒரு காலத்தில் வாழ்ந்து கெட்ட மனிதன். ஜமீன் பரம்பரை என்ற நினைப்பு மட்டும் மிச்சம். சேவல் சண்டைக்காக மகனைக் கூட்டிக்கொண்டு பட்டணத்துக்கு வந்து, இருந்ததையும் தோற்று, எந்நேரமும் குடியில் இருக்கிறவன். நடித்தவர் குரு சோமசுந்தரம். அவருடைய முதல் படம். அதற்கு முன் பல வருடம் கூத்துப்பட்டறையில், ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய அந்த நாடகப் பள்ளியில், உடம்பைப் பழக்கியவர்.

தமிழ் சினிமாவில் குடிகாரன் எப்படி இருப்பான்? உங்களுக்கே தெரியும். காலை அகட்டி ஆடுவான், விக்குவான், விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து அண்ணே என்பான். அரை நூற்றாண்டாக இதே ஆட்டம்தான். நிஜக் குடிகாரரைக் கவனித்திருக்கிறீர்களா? எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். ராத்திரி பத்து மணிக்கு வருவார். ஆடவே மாட்டார். ஆடிவிடக் கூடாது என்பதில் குறியாக இருப்பார். ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து, கோலத்தை மிதிக்காமல் நடக்கிற மாதிரி வைப்பார். அந்த ஜாக்கிரதையே காட்டிக்கொடுத்துவிடும். குரு சோமசுந்தரத்திடம் நான் பார்த்தது அந்த ஜாக்கிரதை. மானத்தைக் காப்பாற்றிக்கொண்டே மண்ணில் விழுகிற ஒரு மனிதன். கெஞ்சுகிறான், ஆனால் கெஞ்சுகிற குரலிலும் ‘நான் யார் தெரியுமா’ ஒன்று ஒளிந்திருக்கிறது. மிடுக்காகப் பேசுகிறான், அந்த மிடுக்கின் அடியில் அடுத்த கிளாஸுக்கான பசி இருக்கிறது. சிரிப்பு வருகிறது, அந்தச் சிரிப்புக்கு நம்மையே நொந்துகொள்கிறோம்.

அதற்குப் பிறகு அவரை ஊர் கண்டுகொள்ள எத்தனை வருடம் ஆனது? ‘ஜோக்கர்’ வந்தது 2016இல். ஐந்து வருடம். ‘மின்னல் முரளி’ வந்து மலையாளக்காரர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடியது 2021இல். பத்து வருடம். அப்போதுதான் நம்மவர்கள், “அட, இவர் நம்ம காளையன்ல?” என்று பழைய படத்தைத் தேடிப் பார்த்தார்கள். பழைய படத்துக்கு ஆளைக் கூட்டிவந்தது எது என்று நடுவரே சொல்லட்டும்.

காளையனுக்கு ஒரு மகன். கொடுக்காப்புளி. மாஸ்டர் வசந்த் என்ற சிறுவன். அந்தச் சரக்குப் பை இந்த அப்பனும் பிள்ளையும் தங்கியிருந்த இடத்தில் கையில் சிக்கிவிடுகிறது, அப்பன் ரவுடிகளிடம் மாட்டிக்கொள்கிறான், பொடியன் தனியாளாகப் பெரிய மனிதர்களிடம் பேரம் பேசுகிறான். ஓர் இடத்தில் அவனைக் கேட்கிறார்கள், உனக்கு உன் அப்பாவை ரொம்பப் பிடிக்குமா என்று. அப்படியெல்லாம் இல்லை, ஆனால் அவர் என் அப்பா என்கிற அர்த்தத்தில் பதில் சொல்கிறான். இந்தப் படத்தைப் பார்த்த யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான்.

எதிரணி உடனே துள்ளும்: “அது எழுத்தாளன் எழுதிய வசனம்!” ஆமாம், எழுதியதுதான். இதே வசனத்தை ஒரு தொலைக்காட்சித் தொடரில் ஒரு சிறுவனிடம் கொடுங்கள். கண்ணில் கிளிசரின் போட்டு, உதட்டைத் துடிக்கவிட்டு, பின்னால் வயலினை அழவிட்டு, மூன்று முறை முகத்தைத் திருப்பிக் காட்டிச் சொல்லவைப்பார்கள். நாம் சேனலை மாற்றிவிடுவோம். இந்தப் பொடியன் அதை எப்படிச் சொன்னான்? யாரோ மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னான். இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற தொனி. அப்பனுடைய வாந்தியைக் கழுவி, அவனைத் தோளில் சாய்த்துப் பழகிப்போன பிள்ளைக்குத்தான் அந்தத் தொனி வரும். எங்கிருந்து பிடித்தான் அந்த வயதில்?

சிங்கப்பெருமாள் வீட்டில் வைத்திருக்கும் அந்தப் பெண் சுப்புவாக வந்த யாஸ்மின் பொன்னப்பாவையும் சப்பையாக வந்த ரவி கிருஷ்ணாவையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். படம் பார்க்காதவர்கள் இரண்டு நிமிடம் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். அத்தனை சிங்கமும் யானையும் அடித்துக்கொண்டு சாக, பணத்தோடு கிளம்பிப் போகிறவள் அந்தச் சுப்புதான். முதல் தடவை பார்க்கும்போது அவள் அடிபடுகிற, பயந்த, பாவப்பட்ட பெண். இரண்டாவது தடவை பார்த்தால் அதே காட்சிகளில் அதே கண்கள் கணக்குப் போடுவது தெரிகிறது. இரண்டுமே பொய்யில்லாமல் இருக்க வேண்டும். அனுபவப்பட்ட நடிகைகளே தடுமாறுகிற வேலை. ரவி கிருஷ்ணாவோ ‘7ஜி ரெயின்போ காலனி’யில் தமிழ்நாட்டு இளைஞர்களை அழவைத்த நாயகன். இங்கே எல்லோரும் தலையில் தட்டிப் போகிற எடுபிடியாக, தோளைக் குறுக்கிக்கொண்டு, தன் இடத்தைத் தானே சிறியதாக்கிக்கொண்டு நிற்கிறார். ஒரு பெண் தன்னை மதித்துவிட்டாள் என்றதும் அந்த முதுகு கொஞ்சம் நிமிர்கிறது பாருங்கள், அதைப் பார்த்துத்தான் எனக்கு அவன்மேல் பயமும் இரக்கமும் ஒன்றாக வந்தது. அதற்கு அப்புறம் அவரை ஏன் இந்த சினிமா சரியாகப் பயன்படுத்தவில்லை என்பது என் சொந்த மனக்குறை, அது தலைப்பில் இல்லை, விடுங்கள்.

இப்போது நடுவர் குறித்துக்கொள்ள வேண்டிய ஒரு விஷயம். இந்தப் படத்தைத் தணிக்கைக்குக் கொண்டுபோனபோது 52 இடத்தில் வெட்டச் சொன்னார்கள். படக்குழு ஒப்புக்கொள்ளாமல் டெல்லியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரைக்கும் போனது. வசனத்தை வெட்டலாம், வார்த்தையை ஊமையாக்கலாம், ரத்தத்தை மங்கலாக்கலாம். டொக்கு என்ற சொல்லை எடுத்துவிட்டு ஒரு ‘பீப்’ போட்டாலும், அதைக் கேட்ட ஜாக்கி ஷெராப்பின் முகத்தில் அது எழுதியிருக்கும். முகத்தை ஊமையாக்கக் கத்தரிக்கோல் கிடையாது.

விருதுக் கணக்குக்கு வருவோம், ஏனென்றால் எதிரணி அதை அடிக்கடி ஆட்டிக் காட்டுகிறது. 2010இல் நியூயார்க்கில் தெற்காசியத் திரைப்பட விழாவில் சிறந்த படம். அப்புறம் 59ஆவது தேசிய விருதுகளில் இரண்டு: அறிமுக இயக்குநருக்கு ஒன்று, படத்தொகுப்புக்கு ஒன்று. நடித்தவர்களில் ஒருவருக்கும் தேசிய விருது கிடையாது. இதை எதிரணி தன் வெற்றியாகச் சொன்னது. நான் கேட்கிறேன், இந்தப் படத்தில் மதிக்கப்படாமல் போனது எது? இயக்குநருக்கு விருது, படத்தொகுப்புக்கு விருது, படத்துக்கு வெளிநாட்டு விருது. விமர்சகர்கள் எட்டு வருடம் அவருடைய அடுத்த படத்துக்காகக் காத்திருந்தார்கள். உண்மையில் கண்டுகொள்ளப்படாமல் போனது அந்த ஆறு முகங்கள்தான். தலைப்பில் இருக்கிற ‘ஓடாமல் போன’ என்கிற வருத்தம் யாருக்குச் சொந்தம் என்றால் அவர்களுக்குத்தான்.

அதே இயக்குநர் 2019இல் ‘சூப்பர் டீலக்ஸ்’ எடுத்தார். அந்தப் படத்துக்குத் தேசிய விருது யார் கைக்குப் போனது? விஜய் சேதுபதிக்கு, சிறந்த துணை நடிகர். எதிரணி இதற்குப் பதில் யோசித்துக்கொண்டிருக்கட்டும்.

“ஒரு படத்தை வைத்து ஊரை அளக்காதே” என்று முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் முணுமுணுக்கிறார். கேட்கிறது ஐயா. ‘8 தோட்டாக்கள்’ பார்த்திருக்கிறீர்களா? 2017. ஸ்ரீகணேஷ் இயக்கியது. ஒரு காவல்துறை அதிகாரியின் துப்பாக்கி திருடுபோகிறது, அதற்குள் எட்டுத் தோட்டா. கதையின் விதை குரோசாவாவின் பழைய ஜப்பானியப் படத்திலேயே இருக்கிறது. அப்படியானால் இந்தப் படத்தை நினைவில் நிறுத்தியது எது? எம்.எஸ். பாஸ்கர். ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’வில் பட்டாபியாக நம்மை வயிறு குலுங்கச் சிரிக்கவைத்தவர். இங்கே வாழ்நாளெல்லாம் காவல்துறையில் உழைத்து, வீட்டில் ஒரு மரியாதையும் கிடைக்காத கிழவர். தன் கதையை எதிரே உட்கார்ந்திருக்கிற இளைஞனிடம் சொல்கிறார். துப்பாக்கி, துரத்தல் ஒன்றும் இல்லை. பேசுகிறார், அவ்வளவுதான். கொலை செய்தவர் என்று தெரிந்தும் அந்த மேசையிலிருந்து எழ மனம் வரவில்லை. அன்றைக்கே ஒரு பெரிய விருது கொடுத்திருக்க வேண்டும். அவருக்குத் தேசிய விருது ‘பார்க்கிங்’ படத்துக்காக 2025இல்தான் அறிவித்தார்கள். நம் ஆட்கள் நடிப்பைக் கண்டுபிடிக்க எடுத்துக்கொள்கிற நேரம் அப்படி.

மணி அடித்துவிட்டீர்களா? ஒரே ஒரு நிமிடம் நடுவர் அவர்களே. வீட்டுக் கதை ஒன்று, சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

சில வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் வீட்டில் மடிக்கணினியில் இந்தப் படத்தை மறுபடியும் போட்டேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இந்தப் படத்தில் பேசுகிற வார்த்தைகள் உங்களுக்குத் தெரியும். அம்மா காதில் விழக் கூடாதே என்று சத்தத்தைச் சுத்தமாக அணைத்துவிட்டேன். அம்மா கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்பதால் காதில் ஒன்றும் மாட்டவில்லை. எனக்கு வசனமெல்லாம் மனப்பாடம். அம்மாவுக்கு வசனமும் கிடையாது, யுவன் சங்கர் ராஜாவின் இசையும் கிடையாது. கீரைக்கும் திரைக்கும் நடுவில் அவ்வப்போது நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். காளையனும் பையனும் வருகிற இடத்தில் கை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சொன்னார்:

“அந்தக் குடிகாரனுக்கு இந்தப் பையன்தான்டா அப்பன் மாதிரி இருக்கான்.”

எதிரணி சகோதரி கையைத் தூக்குகிறார். சத்தத்தை அணைத்தாலும் ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் தெரிந்ததே என்பார். தெரிந்தது சகோதரி. ஆனால் அம்மா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. படம் முடிகிற வரைக்கும் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்: “அந்தப் பையன் என்னடா ஆனான்?”

நன்றி, வணக்கம்.